பென்சிலால் ஊற்றிய தண்ணீர்

பாக்கியலட்சுமி தன் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பாலில் தண்ணீர் கலந்தவள் இல்லை. மலாக்காவில் மெர்லிமாவுக்கு அப்பாலிருந்த அந்தத் தோட்டத்தில், அவளைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். ரப்பர் பாலை நிறுக்கக் கொண்டுபோகும் வழியில், வாளிக்குள் ஒரு சிரட்டைக் கால்வாய்த் தண்ணீரைச் சாய்த்துக்கொள்வது பலருக்கும் வழக்கம். பிடிபட்டால் கணக்கெழுதும் கிராணியிடம் வசவு, பிடிபடாவிட்டால் நிறை கூடும். பாக்கியம் அந்த வழிக்கே போனதில்லை. குறைந்தால் குறைந்தபடி கொண்டுபோய்த் தராசில் வைப்பாள். வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். கிராணி எண்ணை எழுதிக்கொள்வதோடு விடமாட்டார், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லுவார்.

எண் கூடியவள் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். குறைந்தவளுக்கு அன்று குழாயடியில்கூட இடம் கிடைக்காது. பதினான்கு வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவள் பாக்கியம். மனிதர்களை அளக்க அவளுக்குத் தெரிந்த ஒரே கோல் அந்த எண்தான்.

அவளுக்கும் நல்ல எண் வந்த காலம் உண்டு. எழுபத்தாறாம் வருடம் அவள் கொழுந்தன் காந்தன் ஜாசினிலிருந்து திலகாவைக் கட்டிக்கொண்டு வரும் வரைக்கும் வந்தது. திலகாவுக்குப் பத்தொன்பது வயது. மூன்றாம் பாரம் படித்தவள், கத்தியைத் தொட்டுப் பார்த்திராதவள். கங்காணி அவளுக்குக் கொடுத்த மரங்கள் நல்ல மரங்கள் என்று பாக்கியம் இன்றைக்கும் சொல்வாள். எது எப்படியோ, நாலாவது மாதம் கிராணி திலகாவின் எண்ணைச் சொன்னார், பிறகு பாக்கியத்தின் எண்ணைச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாக்கியம், உன் ஓரகத்திய பாத்து கத்துக்க லா" என்றார். கொட்டகை சிரித்தது. திலகாவும் சிரித்தாள். அவள் கேலியாகச் சிரிக்கவில்லை, வெட்கத்தில் சிரித்தாள். அது பாக்கியத்துக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பை அவள் இருபது வருடம் வைத்திருந்தாள்.

பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, தோட்டத்து எல்லையில் வரிசை வீடுகள் கட்டினார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த வீடுகள் கிடைத்தன, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாகத் திலகாவின் தையல் மெஷின் ஓடுவது கேட்கும், அவள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடம் ஒப்பிப்பது கேட்கும், சிரிப்பு கேட்கும். பாக்கியத்தின் கணவன் தம்புசாமி தோட்டத்து லாரி ஓட்டுபவன், வாயைத் திறக்காத மனிதன். தப்பித் தவறி ஒருநாள் திறந்து, "அந்த வீட்டு ரசம் நல்லா மணக்குது" என்றான். பாக்கியம் ஒரு வாரம் ரசம் வைக்கவில்லை.

செம்பனைக்கு மறுபக்கம் ஆறு ஓடியது. ஆறு ஒரு காலத்தில் வளைந்து போன இடத்தில் பெரிய சதுப்பு ஒன்று இருந்தது. தோட்டத்து ஆட்களும் மலாய்க்காரர்களைப் போலப் பாயா என்றே அதைச் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு முன் தோட்டத்து நிர்வாகம் கால்வாய் வெட்டி அதைக் காயவைத்தது. காய்ந்த இடத்தில் எதுவும் உருப்படியாக விளையவில்லை. லாலான் புல் முளைத்து வெயிலில் பற்றிக்கொள்ளும், புகை வீடுகளுக்குள் வரும். மழைக்காலத்திலோ தண்ணீருக்குத் தங்க இடமில்லாமல், ஆற்றோடு இறங்கிக் கீழே இருந்த கம்பத்துக் கிராம வீடுகளுக்குள் புகும். இரண்டையும் பார்த்துச் சலித்த தண்ணீர் இலாகா, பாயாவுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தது. ஆற்றங்கரையில் சக்கரம் வைத்த இரும்புக் கதவு ஒன்றைப் பொருத்தினார்கள். ஆறு நிறைந்திருக்கும்போது கதவைத் திறந்து பாயாவுக்கு விடுவது, ஆறு மெலிந்தால் மூடிவிடுவது, பிறகு சில மாதம் பாயாவைத் தானாக வற்றவிடுவது என்பது திட்டம்.

இதைப் பார்த்துக்கொள்ள வந்த டெக்னீஷியன் கணேசமூர்த்தி, மலாக்கா டவுன் பையன். சனிக்கிழமை தோறும் வேனில் வருவான். காலையும் மாலையும் தண்ணீரின் உயரத்தைப் பார்த்து எழுத அவனுக்கு இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கறுப்புக் கோடுகளும் எண்களும் போட்ட வெள்ளைப் பலகை ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் ஆற்றில் நட்டான், இன்னொன்றைப் பாயாவுக்குள் நட்டான். ஆற்றுப் பலகை பாக்கியத்துக்கு, பாயாப் பலகை திலகாவுக்கு.

முதல் நாள் இருவரையும் கரையில் நிறுத்தி அவன் விளக்கம் சொன்னான். இரண்டு பலகையும் வெவ்வேறு மட்டத்தில் நட்டவை, ஒன்றோடொன்றை ஒப்பிடக் கூடாது என்றான். ஆற்றுப் பலகையில் அறுபதில் இருக்கும் சிவப்புக் கோட்டைக் காட்டியும் ஏதோ சொன்னான். பாக்கியம் அவனை "சார்" என்று கூப்பிட்டிருந்தாள். திலகாவோ, "தம்பி, தண்ணிக்கு ரிப்போர்ட் கார்டா போடச் சொல்றீங்க?" என்று கேட்டு அவனைச் சிரிக்கவைத்தாள். வந்த அன்றைக்கே தம்பியா என்று பாக்கியத்துக்கு உள்ளே புகைந்தது. அவன் சொன்னதில் பாதி அந்தப் புகையில் போயிற்று. கதவுச் சக்கரத்தின் சங்கிலிக்குச் சாவி ஒன்று இருந்தது. அவசரத்துக்கு என்று அதையும் திலகாவிடம் கொடுத்தான், அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவாளாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், ஆனால் சாவி அந்தப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

தொண்ணூற்றாறு அக்டோபரில் கதவு திறந்தது. பாயா நிறைய ஆரம்பித்தது.

அடுத்த மூன்று மாதமும் திலகாவின் காலம். அவள் பலகை சாலையோரத்தில் இருந்தது. முதலில் கொக்கு வந்தது, பின் நாரை, பிறகு சிறகி வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கின. நீலக்கோழி ஒன்று குஞ்சுகளோடு நடப்பதைத் திலகா எல்லாரிடமும் சொன்னாள். மெர்லிமாவிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் பலகைக்குப் பக்கத்தில் திலகாவை நிற்கவைத்துப் படம் எடுத்தார். படம் வந்த நாளன்று காந்தன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான். தம்புசாமி வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றான். பாக்கியம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பலகை இருந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள், கணேசமூர்த்திகூட நோட்டைப் பார்ப்பதோடு சரி. செம்பனைக்குள்ளே அரை மைல் நடக்க வேண்டும். கரைச் சேற்றில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். குரங்குகள் மேலிருந்து பழத்தை எறியும். மழை நின்ற பிறகு அவள் எண் இறங்க ஆரம்பித்தது. டிசம்பரில் நூற்றுப் பத்து, பிறகு தொண்ணூற்றெட்டு, பிறகு தொண்ணூறு.

சனிக்கிழமைகளில் கணேசமூர்த்தி இரண்டு நோட்டுகளையும் வேனின் மேல் விரித்து, எண்களைச் சத்தமாக வாசித்துத் தன் தாளில் எழுதிக்கொள்வான். அது அவன் வழக்கம், வேறு எண்ணம் அதில் இல்லை. "பாயா, எழுபத்தாறு. ஏறுது, நல்லாருக்கு திலகாக்கா. ஆறு, தொண்ணூறு. ம்." அந்த 'ம்' பாக்கியத்தை இருபது வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பால் கொட்டகையில் நிறுத்தியது. தராசு, கண்ணாடியைக் கழற்றும் கிராணி, பக்கத்தில் சிரிப்போடு திலகா.

அடுத்த வாரம் எண்பத்தேழு என்று இருந்ததைத் தொண்ணூறு என்று எழுதினாள்.

மூன்று சென்டிமீட்டர்தானே, மூன்று விரல் அகலம்கூட இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு. நேற்றைய பொய்யோடு இன்றைய எண் பொருந்த வேண்டும். ஆறு நாள்தோறும் இறங்கியது, அவள் நாள்தோறும் ஊற்றினாள். வாளிப் பாலில் ஒரு சொட்டுக் கலக்காதவள், ஓர் ஆற்றுக்கே பென்சிலால் தண்ணீர் ஊற்றினாள்.

உண்மையை எங்கேயும் வைக்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில், தேதியோடு உண்மையான எண்ணைப் பொடி எழுத்தில் எழுதிவைத்தாள். முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் ஆற்றுக்கு.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை கணேசமூர்த்தி அவசரத்தில் இருந்தான். அந்த வருடம் சீனப் புத்தாண்டும் ஹரிராயா நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன, ஆபீஸ் ஒரு வாரம் மூடியிருக்கும். நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "பாயா, நூத்து மூணு. ஆறு, எழுபத்தொன்னு. மழையே இல்ல, ஆறு எப்படி இப்படி தாங்குதுன்னு தெரியல. உங்க ராசி பாக்கியக்கா" என்றான். பிறகு சிவப்புக் கோட்டைப் பற்றி மறுபடியும் சொன்னான். இந்த முறை பாக்கியம் கேட்டாள்.

ஆற்றுப் பலகை அறுபதுக்குக் கீழே போனால் கதவை மூடியே ஆக வேண்டும். ஆறு பலமாக ஓடும்வரை கடல்நீர் கீழேயே நிற்கும். ஆறு மெலிந்தால், அமாவாசை பௌர்ணமிக் கடலேற்றத்தில் உப்புத் தண்ணீர் கதவு வரைக்கும் ஏறி வரும். கதவு திறந்திருந்தால் பாயாவுக்குள் புகும். புகுந்தால் மூன்று மாதத்தில் வந்ததெல்லாம் மூன்று நாளில் போய்விடும். வெள்ளிக்கிழமை தை அமாவாசை.

"கதவ மூடுறது உங்க நம்பர்தான்க்கா. பாயா நம்பர் சும்மா பாத்துக்க. உங்க நம்பர்தான் முக்கியம்."

வேன் போன பிறகும் பாக்கியம் அங்கேயே நின்றாள். கடைசிப் பக்கத்தில் அன்று காலை எழுதியது ஐம்பத்தாறு.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, ஆத்திரம். திலகாவின் தண்ணீரை எந்த நாளும் நிறுத்தும் சக்தி தன் பலகையில் இருந்திருக்கிறது. உண்மையையே எழுதி வந்திருந்தால் இதற்குள் கதவு மூடியிருக்கும், திலகாவின் எண் நின்றிருக்கும், பத்திரிகையும் பள்ளிப் பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். யாரை ஜெயிக்கப் பொய் சொன்னாளோ, அந்தப் பொய்தான் அவளுக்குத் தண்ணீரை அள்ளிக் கொடுத்திருக்கிறது.

பயம் பிறகு வந்தது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சனிக்கிழமை எழுபத்தொன்று. மூன்றாம் நாள் கதவை மூடு என்றால், பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை என்றுதான் வீட்டிலிருந்து கோயில் வரை பேசுவார்கள். பேசுவதில் தப்பும் இல்லை. பொறுக்கவில்லைதான். கதவை மூட வேண்டும் என்ற எண்ணத்தில் எவ்வளவு உப்புக்குப் பயந்தது, எவ்வளவு திலகாவுக்காக என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திங்கள், செவ்வாய், புதன். ஐம்பத்தைந்து, ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று. மழை வந்துவிடும் என்று மேகத்தைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் திலகா, வாத்து முட்டையிட்டிருக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழன் மாலை பலகை ஐம்பத்திரண்டில் இருந்தது. பாக்கியம் எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது, காய்ந்த செம்பனை மட்டை ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது. கடல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல மெதுவாக வந்தது. அவள் சேற்றில் இறங்கி, விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். கரிப்பு லேசாகத்தான் இருந்தது, கண்ணீர் அளவுக்கு.

அவள் தன் வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே அடுத்த வீட்டுக்குப் போனாள். திலகா பிள்ளைகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காந்தன் டிவி முன்னால் இருந்தான்.

"திலகா, சாவிய குடு."

"எதுக்குக்கா?"

"கதவ மூடணும். ஆத்துல அம்பத்திரண்டு."

திலகா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சனிக்கிழம எழுபத்தொன்னுன்னு எழுதினீங்களே. அஞ்சு நாள்ல அவ்ளோ எறங்குமா?"

காந்தன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணிக்கு உன் தண்ணி ஏறுறது தாங்கல லா" என்றான். இருபது வருடமாக எல்லாரும் நினைத்து யாரும் சொல்லாத சொல், வெற்றிலைச் சாறு மாதிரி தரையில் விழுந்தது.

சரி, அப்படியே இருக்கட்டும் என்று திரும்பிப் போயிருக்கலாம். நாளைக்குப் பாயா செத்தால், நான் சொன்னேனே, நீங்கள்தான் சாவி தரவில்லை என்று காலமெல்லாம் சொல்லிக்காட்டியிருக்கலாம். அந்த எண்ணம் பாக்கியத்துக்கு வந்தது. இனிப்பாகக்கூட இருந்தது. அவள் வாசற்படியில் ஒரு காலோடு நின்றாள்.

பிறகு நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை விரித்து, இஸ்திரி மேசையில் வைத்தாள்.

"எழுபத்தொன்னு பொய். முன்னாடி உள்ளது எல்லாமே பொய், ஒரு மாசமா. இதான் உண்மை. உப்பு வந்திருச்சு, நாக்குல வச்சுப் பாத்தேன்."

திலகா விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்தாள். காந்தன் டிவியை அணைத்தான்.

"ஏன்க்கா?"

"உன்னோடது ஏறுச்சு. என்னோடது எறங்குச்சு. அந்தப் பையன் சத்தமா படிச்சான்."

பால் கொட்டகையைப் பார்த்த எவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். ஆனால் பாக்கியத்தின் கையில் கொடுக்கவில்லை, மோட்டாரை வெளியே தள்ளினாள். "ஏறுங்க" என்றாள்.

பாக்கியம் அந்த மோட்டாரில் அதுவரை ஏறியதில்லை, பல முறை கூப்பிட்டும் ஏறியதில்லை. செம்பனைக்குள் பள்ளம் மேடு பார்க்காமல் திலகா ஓட்டினாள். பின்னால் இருந்தவள், பிடிக்கக் கூடாது என்று பார்த்து, கடைசியில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதம் திறந்தே கிடந்த சக்கரம் துருவில் இறுகியிருந்தது. ஒருத்தியால் அசைக்க முடியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொங்கினார்கள். இரும்பு முனகியது, கதவு விரல் விரலாக இறங்கியது. கதவு அடியைத் தொட்டபோது ஆறு எதிர்த்திசையில் வெளிப்படையாகவே ஓடிக்கொண்டிருந்தது. திலகா குனிந்து, கதவின் உட்பக்கத் தண்ணீரைக் கையில் எடுத்துச் சுவைத்துப் பார்த்தாள். மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

"இனிப்பாதான் இருக்கு" என்றாள்.

விடுமுறை முடிந்து வந்த கணேசமூர்த்திக்குப் பாக்கியமே சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தன் தாளில் ஒவ்வொரு எண்ணையும் அடித்துத் திருத்தினான். ஆபீஸில் சொல்ல வேண்டியிருக்கும் என்றான். சொன்னான் போலும். நோட்டை அவளிடமிருந்து வாங்கித் திலகாவிடம் கொடுத்தான். மூன்று வாரம் இரண்டு பலகையையும் திலகா பார்த்தாள். காலை ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஆற்றுப் பக்கம் போவதைப் பாக்கியம் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். எண் குறைந்த அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறு, யாரும் வராத அந்தச் சேற்றுக்கரை, அதுவும் திலகாவிடம் போய்விட்டது.

நாலாவது வாரம் திலகா வந்து நோட்டை வாசல் திண்டில் போட்டாள். "எனக்கு ரெண்டு பக்கமும் ஓட முடியலக்கா. குரங்கு வேற பழத்த எறியுது. தம்பிகிட்ட சொல்லிட்டேன்." கருணையா, அலுப்பா என்று முகத்தில் தெரியவில்லை. கருணையாக இருக்கக் கூடாது என்று பாக்கியம் வேண்டிக்கொண்டாள். கேட்கவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

மார்ச்சில் பாயா வற்ற ஆரம்பித்தது. குஞ்சுகள் வளர்ந்த வாத்துகள் பறந்துபோயின. கரையைச் சுற்றி ஈரச்சேறு தெரிந்தது. அந்தச் சேற்றில், சதுப்பில் வளரும் புத்தாட் மரக் கன்றுகள் ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன. கணேசமூர்த்தி சேற்றில் மண்டியிட்டு அவற்றை எண்ணினான். தண்ணீர் ஏறுவது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இறங்குவதும் என்றான். தண்ணீருக்குள் விதை முளைக்காதாம். அவனுக்குச் சந்தோஷம். திலகாவுக்கு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. சேற்றை யார் படம் எடுப்பார்கள்?

ஏப்ரலில் மேல்பக்கத்தில் நல்ல மழை. ஒரு சனிக்கிழமை கணேசமூர்த்தியின் வேன் வர நேரமாயிற்று. இருவரும் சாலையோரத்தில் நோட்டுகளோடு காத்திருந்தார்கள். பாயா எண் அந்த வாரமும் இறங்கியிருந்தது, நான்காவது வாரமாக. திலகா தன் நோட்டைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"உங்களோடது எவ்வளவுக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் வார்த்தையின் கடைசியில் ஒரு சின்ன இறுக்கம் இருந்தது, கண் பாக்கியத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தது. அந்தக் குரலைப் பாக்கியத்துக்குத் தெரியும். இருபது வருடம் அதைத் தன் தொண்டைக்குள் வைத்திருந்தவள் அவள்.

குறைத்துச் சொல்லியிருக்கலாம். அவள் மனம் ஆறட்டும் என்று இரண்டு மூன்று குறைத்திருக்கலாம்.

"எண்பத்து மூணு" என்றாள் பாக்கியம். "போன வாரத்துக்கு பதினொன்னு கூட." இருந்த எண்ணைத்தான் சொன்னாள், ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டவில்லை. வேன் வரும்வரை அதன் ருசி நாக்கில் இருந்தது.